மெல்லோட்ரான் முதல் ஆக்டோபேட் வரை: மேடையேறிய பதிவொலியின் கதை

முன்பே பதிவுசெய்த ஒலித்துணுக்குகளை மேடையில் எந்தக் கருவியைக் கொண்டு ஒலிப்பது என்னும் கேள்வி, புதிதாக இசைக்குழு தொடங்குவோர் எல்லோரும் எதிர்கொள்வது. கலைஞர்கள் ‘சாம்பிள்’ என்று சொல்லும் இத்துணுக்கு ஒற்றை டோலக் அடியாக இருக்கலாம். நான்கு நொடிக் கோரஸாக இருக்கலாம். பாடல் முழுவதும் உடன் ஓடும் வயலின் வரிசையாகவும் இருக்கலாம். கடையில் கேட்டால் விலையையும் ஒலித்தரத்தையும் சொல்வார்கள். இக்கருவிகளின் அறுபது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நிகழ்ச்சியின் நடுவே கருவி நின்றுபோனால் எவ்வளவு விரைவில் மீளும், அதை இயக்கும் கை யாருடையது என்ற இரண்டுமே பெரும்பாலும் தேர்வைத் தீர்மானித்திருக்கின்றன. இந்தியாவில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

நம் நாட்டுக் கதை சாம்ப்ளருக்கு முன்பே தொடங்குகிறது. 1954-இல் வெளிவந்த ‘நாகின்’ இந்திப் படத்துக்கு இசை ஹேமந்த் குமார். நாடெங்கும் புகழ்பெற்ற அப்படத்தின் மகுடி ஒலி மகுடியிலிருந்து பிறந்ததன்று. கல்யாண்ஜி கிளாவியோலின் என்னும் சிறு மின்னிசைக் கருவியிலும், ரவி ஆர்மோனியத்திலும் உருவாக்கிய ஒலி அது. பிரான்ஸ் நாட்டின் கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947-இல் வடிவமைத்த கருவியே கிளாவியோலின். பின்னாளில் தம்பி ஆனந்த்ஜியுடன் இணைந்து இசையமைப்பாளராகப் பெயர்பெற்ற கல்யாண்ஜி, ‘கல்யாண்ஜி வீர்ஜி அண்டு பார்ட்டி’ என்ற பெயரில் மேடைக் குழுவும் நடத்தியவர். பாம்பாட்டியை அழைத்து வராமலே மகுடியை மேடையில் ஒலிக்கச் செய்யலாம் என்பதை மும்பை அப்போதே கண்டுகொண்டது.

இங்கு கவனிக்க வேண்டியது ரசிகரின் எதிர்பார்ப்பு. இந்திய மேடைக்குழுவின் பெரும்பகுதி உழைப்பு திரைப்பாடலை மறுபடி நிகழ்த்துவது. ரசிகர் வானொலியிலும் இசைத்தட்டிலும் கேட்டுக் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்ட அதே முன்னிசை, அதே இடையிசை, அதே தாளக்கட்டு மேடையிலும் வரவேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் அறுபது எழுபது பேர் கூடி வாசித்ததை மேடையில் பத்துப் பன்னிரண்டு பேர் வாசிக்க வேண்டும். தம் சொந்தப் பாடல்களை வாசிக்கும் மேலைநாட்டு ராக் குழுவுக்கு இந்த நெருக்கடி இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. அவர்கள் மேடைக்கென்று பாடலை மாற்றிக்கொள்ளலாம்; நம் ஆர்க்கெஸ்ட்ராக்கள் மாற்றினால் முன்வரிசையிலேயே முணுமுணுப்பு எழும்.

பதிவொலியை விசைப்பலகையின் வழியே வாசிக்கும் முயற்சி அமெரிக்காவில் தோன்றியது. ஹாரி சேம்பர்லின் என்பவர் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடா உண்டு. கட்டையை அழுத்தினால் அந்நாடா ஓடும். 1962-இல் அவருடைய விற்பனையாளர் இரண்டு கருவிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். பர்மிங்காமில் பிராட்லி சகோதரர்கள் அதன் வடிவமைப்பைத் திருத்தித் தயாரித்ததே மெல்லோட்ரான். 1967-இல் வெளிவந்த பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாடலின் தொடக்கத்தில் கேட்கும் புல்லாங்குழல் இக்கருவியின் ஒலிதான்.

மெல்லோட்ரானின் நாடா ஏறத்தாழ எட்டு நொடி மட்டுமே ஓடும். அதற்குள் விரலை எடுத்துவிட வேண்டும். எடுத்ததும் வில்சுருள் நாடாவைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் பல கட்டைகளை அழுத்தினால் மோட்டார் திணறும், சுருதி இறங்கும். அரங்கின் வெப்பமும் ஈரமும் புகையும் நாடாவைப் பாதிக்கும். 1970-இல் வந்த எம்400 என்னும் சிறிய வகையே ஐம்பது கிலோவைத் தாண்டும். இத்தனை குறைகளோடும் மூடி புளூஸ், கிங் கிரிம்சன் போன்ற குழுக்கள் அதை ஊர் ஊராகச் சுமந்து சென்றன. மூடி புளூஸின் மைக் பிண்டர், அக்கருவி தயாரான தொழிற்கூடத்திலேயே முன்பு வேலை பார்த்தவர். எனவே பழுதானால் திறந்து சரிசெய்ய அவருக்குத் தெரியும். மேடைக்கருவியைத் தேர்ந்தெடுக்கையில் ‘இதைப் பழுது பார்க்க நம்மில் யாருக்குத் தெரியும்’ என்ற கேள்வியை விலைக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் இக்கருவியைக் கண்டு கவலை கொண்டது. வயலின்காரர்களை ஒருமுறை பதிவுசெய்துவிட்டால் பிறகு அவர்களை யார் அழைப்பார்கள் என்பது சங்கத்தின் கேள்வி. அக்கேள்வி நம் ஊருக்கும் வந்தது. சற்றுப் பின்னர் வருகிறேன்.

மற்றொரு வழி, நாடாப் பதிவை அப்படியே ஓடவிட்டு அதனோடு சேர்ந்து வாசிப்பது. 1971-இல் ‘தி ஹூ’ குழு வெளியிட்ட தொகுப்பில் இடம்பெற்ற ‘பாபா ஓரைலி’ என்ற பாடலை மேடையில் இப்படித்தான் நிகழ்த்தினார்கள். அதன் தலைப்பிலுள்ள ‘பாபா’, புணேயில் பிறந்து அகமதுநகர் அருகே வாழ்ந்த மெஹர் பாபா என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. முன்னரே பதிவான விசைப்பலகை ஒலி நாடாவில் ஓடும். டிரம்ஸ் வாசிக்கும் கீத் மூன் காதில் ஹெட்ஃபோன் அணிந்து அதைப் பின்தொடர்வார். நாடா முன்னே, மனிதர் பின்னே. 1973 நவம்பர் 5 அன்று நியூகாசில் நகரில் நாடாவும் குழுவும் ஒத்துப்போகாமல் பிரிந்தன. பீட் டவுன்ஷெண்ட் சினம் தாங்காமல் ஒலிப்பொறுப்பாளர்மீது பாய்ந்தார், நாடாக்களைப் பிய்த்தெறிந்தார், நிகழ்ச்சி நடுவில் நின்றது. நாடாவுக்கு இளகிக்கொடுக்கத் தெரியாது. பாடகர் ஒரு சரணத்தை மறந்தால் கை வாசிக்கும் தாளம் காத்திருக்கும். நாடா போய்க்கொண்டே இருக்கும்.

லிவர்பூல் பகுதியில் 1978-இல் தொடங்கிய ஓ.எம்.டி. குழு மேடையில் நாடாக் கருவியை ஒளித்துவைக்கவில்லை. அதற்கு ‘வின்ஸ்டன்’ என்று பெயரிட்டுக் குழு உறுப்பினர்போல் நிறுத்தியது. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவல் நாயகனின் பெயர் அது. டெபெஷ் மோட் குழுவும் தொடக்க ஆண்டுகளில் நாடாக் கருவியை மேடைமேல் பார்வைபடும்படி வைத்தது. இதை நான் நேர்மையான வழி என்றே கருதுகிறேன்.

அடுத்து எண்ணிம யுகம். 1979-இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் உருவாக்கிய ஃபேர்லைட், எந்த ஒலியையும் பதிவுசெய்து விசைப்பலகையில் பல சுருதிகளில் வாசிக்க வழிசெய்தது. வீட்டின் விலைக்கு நிகரான விலை. 1981-இல் அமெரிக்காவில் வந்த எமுலேட்டரின் நினைவகம் 128 கிலோபைட். ஏறத்தாழ இரண்டு நொடி ஒலியைத்தான் அது தாங்கும். 1983-இல் ‘மிடி’ என்னும் பொது மொழி வந்தது. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேச முடிந்தது. 1986-இல் ஜப்பானின் அகாய் நிறுவனம் வெளியிட்ட எஸ்900 உலகெங்கும் மேடையேறியது. அதன் நினைவகம் 750 கிலோபைட். முழுத்தரத்தில் பன்னிரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவாகப் பதியலாம்.

இங்கு ஒரு சிறு கணக்கு. குறுந்தட்டின் தரத்தில் ஒரு நொடி ஸ்டீரியோ ஒலிக்கு 1,76,400 பைட் வேண்டும். தொண்ணூறுகளில் எல்லோர் கையிலும் இருந்த 1.44 மெகாபைட் ஃபிளாப்பியில் அந்தத் தரத்தில் எட்டு நொடிதான் கொள்ளும். மெல்லோட்ரான் நாடாவின் அதே எட்டு நொடி! முப்பது ஆண்டு முன்னேற்றத்தில் எடை குறைந்தது, சுருதி நிலைத்தது. நேரம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

அக்காலச் சாம்ப்ளரின் பெரும் பலவீனம் நினைவகத்தின் தன்மை. மின்சாரம் உள்ளவரை மட்டும் ஒலியை வைத்திருக்கும் நினைவகம் அது. ஒரு கணம் மின்சாரம் போனால் எல்லாம் அழிந்துவிடும். மறுபடி ஃபிளாப்பியைச் செருகி ஏற்ற வேண்டும். அதற்கு அரை நிமிடமோ மேலுமோ ஆகும். லண்டனில் இது எப்போதோ நேரும் விபத்து. இந்தியாவின் திறந்தவெளி மேடையில், ஜெனரேட்டருக்கும் தெருக்கம்பிக்கும் இடையே மாற்றி மாற்றி ஓடும் இணைப்பில், இது அன்றாட நிகழ்வு. தூசியும் ஈரமும் ஃபிளாப்பிக்கு எமன். போதாததற்கு, 1991-க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடும் கடுமையான சுங்க வரியும் இருந்தன. சாம்ப்ளர், ஃபிளாப்பி, தனி விசைப்பலகை, இவற்றை இணைக்கும் வடங்கள் என்று நான்கைந்து பொருள்களைச் சேர்த்து வாங்குவது ஊர்ப்புறக் குழுவுக்குக் கனவு.

இந்த இடத்தில்தான் ஆக்டோபேட் வருகிறது. ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1985-இல் வெளியிட்ட முதல் ஆக்டோபேடில் எட்டு ரப்பர்த் தட்டுகள் மட்டுமே இருந்தன. சொந்தமாக ஒலி கிடையாது; குச்சியால் அடித்தால் மிடி வழியாக வேறொரு கருவியை ஒலிக்கச் செய்யும். பின்னர் வந்த வகைகளில் ஒலிகளையும் உள்ளேயே வைத்தார்கள். 1998-இல் வந்த எஸ்.பி.டி-20 இந்திய மேடைகளின் பொதுச்சொத்து ஆயிற்று என்றால் மிகையன்று. அதனுள் 700 ஒலிகள். தப்லா உள்ளிட்ட பல நாட்டுத் தாள ஒலிகள் அவற்றுள் அடக்கம். நிறுவனம் அதன்மேல் ஆக்டோபேட் என்று பெயர் பொறிக்கவில்லை. ஆனாலும் மும்பையின் கணபதி மண்டபமானாலும் தில்லியின் ஜாக்ரண் பந்தலானாலும் கொல்கத்தாவின் ‘ஃபங்ஷன்’ ஆனாலும் அதற்கு ஆக்டோபேட் என்றே பெயர். 2010-இல் வந்த எஸ்.பி.டி-30-க்கு நிறுவனமே மீண்டும் அப்பெயரைச் சூட்டியது.

எஸ்.பி.டி-20-இல் நம் ஒலியை நாமே பதிவுசெய்ய முடியாது. சாம்ப்ளர் என்ற கண்ணோட்டத்தில் அது பின்னடைவான கருவி. அப்படியிருந்தும் நம் குழுக்கள் ஏன் அதையே பல ஆண்டுகள் பற்றிக்கொண்டிருந்தன? பழக்கம், மலிவு என்று பலர் காரணம் சொல்வதுண்டு. என் கணிப்பில் முதன்மைக் காரணம் மின்சாரம். அதன் ஒலிகள் அழியா நினைவகத்தில் பொறிக்கப்பட்டவை. மின்சாரம் போய் வந்தால் சில நொடிகளில் கருவி எழுந்துவிடும்; எதையும் ஏற்ற வேண்டியதில்லை. எட்டுத் தட்டும் ஒரே பெட்டியில். பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறலாம். ஒலித்தரத்தை விட்டுக்கொடுத்து மீளும் திறனை வாங்கிய தேர்வு அது. அதை அறியாமையின் விளைவு என்று எழுதுவோர் மேடைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கமாட்டார்கள் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

இதற்கு ஈடாக இழந்தது என்ன? முன்பு மேடையில் டோலக் ஒருவர், தப்லா ஒருவர், காங்கோவும் பாங்கோவும் வாசிக்க ஒருவர், டிரம்ஸுக்கு ஒருவர் என்று தாளப்பகுதியிலேயே நால்வர் இருப்பார்கள். ஆக்டோபேட் வந்தபின் அவர்களுள் இருவரின் இடம் ஒருவருக்குச் சுருங்கியது. பிரிட்டிஷ் சங்கம் அஞ்சியது இங்கே நடந்தது. ஆனால் முழுமையாக நடக்கவில்லை. ஆக்டோபேடை இயக்கக் கை வேண்டும். டோலக் வாசித்தவர்களில் இளையவர்கள் குச்சியைக் கையில் எடுத்தார்கள். பாடகர் இழுத்தால் இழுத்து, முந்தினால் முந்தி வாசித்தார்கள். லயம் மனிதரிடமே தங்கியது. திரைப்பட ஒலிப்பதிவுக் கூடத்தில் அப்படி நேரவில்லை. மும்பைத் திரையிசைக் கலைஞர்களின் வாழ்வை ‘பிஹைண்ட் த கர்ட்டன்’ என்னும் நூலில் ஆவணப்படுத்திய கிரெகரி பூத், தொண்ணூறுகளில் கணினி வழி இசைக்கோப்பு பரவியபோது பெரிய வாத்தியக் குழுக்கள் கலைந்ததை விரிவாகக் காட்டுகிறார். கூடத்தில் வேலையிழந்த கலைஞர்கள் பலருக்கு எஞ்சியது மேடைதான்.

செவ்வியல் மேடையில் இம்மாற்றம் ஓசையின்றி நடந்தது. 1979-இல் பெங்களூரில் தொடங்கிய ராடெல் நிறுவனத்தின் மின்னணுத் தம்பூரா, கலைஞரின் பின்னால் தம்பூரா மீட்டி அமரும் சீடரின் இடத்தை மெல்ல எடுத்துக்கொண்டது. முதலில் செயற்கையாகப் பிறப்பித்த ஒலி. பின்னர் வந்த எண்ணிமப் பெட்டிகளில் உண்மைத் தம்பூராவின் பதிவொலி. சுருதி தவறாது, கை வலிக்காது, பயணச்சீட்டு வேண்டாம். ஆனால் அந்தப் பின்னிருக்கை, மேடையில் குரு என்ன செய்கிறார் என்று ஓரடி தூரத்திலிருந்து கற்கும் இடமாகவும் இருந்தது. ஆக்டோபேட் ஆளைக் குறைத்தாலும் ஒரு கையை வைத்துக்கொண்டது. தம்பூராப் பெட்டி அந்த ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை. எனினும் முதலாவதன்மீதுதான் நம் சங்கீத விமர்சகர்களின் கோபம் அதிகம்.

2003-இல் வந்த எஸ்.பி.டி-எஸ் தட்டுகளில் நம் சொந்த ஒலியைப் பதிவுசெய்து அட்டையில் சேமிக்க முடிந்தது. 2011-இல் வந்த எஸ்.பி.டி-எஸ்.எக்ஸ் கருவியில் 2 ஜிகாபைட் நினைவகம். ஏறத்தாழ மூன்று மணிநேர ஸ்டீரியோ ஒலி. மின்சாரம் போனாலும் அழியாது. எண்பதுகளின் சாம்ப்ளர் தந்த சுதந்திரமும் ஆக்டோபேட் தந்த உறுதியும் ஒரே பெட்டிக்குள் வந்துசேர கால் நூற்றாண்டு ஆயிற்று. இதற்கிடையே 2001-இல் பெர்லினில் பிறந்த ஏபிள்டன் லைவ் மென்பொருள், மடிக்கணினியையே மேடைக்கருவி ஆக்கியது.

ஆகவே இன்று தேர்ந்தெடுப்போர்முன் இருப்பவை இரண்டு மரபுகள். ஒன்று தட்டு மரபு: ஒருவர் அடிக்கும்போது மட்டும் ஒலி பிறக்கும். மற்றது நாடா மரபு: ஓடத் தொடங்கியதைக் குழு பின்தொடரும். மடிக்கணினி இரண்டையும் செய்யும் என்றாலும், நடைமுறையில் அது நாடாவின் வாரிசாகவே பயன்படுகிறது. அவ்வாறு பயன்படுத்தினால் டிரம்ஸ் வாசிப்பவரின் காதில் ‘க்ளிக்’ ஒலிக்க வேண்டும். கீத் மூன் அணிந்த ஹெட்ஃபோனின் தேவை இன்றும் மாறவில்லை. வசதி குறைந்த குழுக்கள் ஒரு பழைய உத்தியைக் கையாளுகின்றன: ஸ்டீரியோவின் இடப்பக்கத்தில் க்ளிக், வலப்பக்கத்தில் இசை. அரங்குக்கு ஒற்றைத் தட ஒலிதான் போகும். திறந்தவெளியில் அதனால் குறையொன்றும் தெரியாது. வடத்தை மாற்றிச் செருகிவிட்டால் மட்டும் ஊர் முழுக்க ‘டிக் டிக்’ கேட்கும்.

மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு என்பதால் மின்தடைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பர். ஆனால் அதனோடு இணைந்த ஒலி இடைமுகப் பெட்டிக்கும் கலவைப் பலகைக்கும் மின்கலம் கிடையாது. அவை எழுந்த பிறகு கணினி அவற்றை மீண்டும் அடையாளம் காண வேண்டும். நிகழ்ச்சி நடுவில் மென்பொருள் புதுப்பிப்பு தானாகத் தொடங்குவது, அறிவிப்பு மணி அரங்கம் முழுதும் ஒலிப்பது ஆகியவை நம் காலத்து வில்சுருள் கோளாறுகள். பெரிய குழுக்கள் ஒரே கோப்புகளோடு இரண்டு கணினிகளை ஒருசேர ஓடவிட்டு, ஒன்று நின்றால் மற்றதற்குத் தானாக மாறும் கருவியை வைத்திருக்கின்றன. அதை வாங்க இயலாத குழுவுக்கு என் பரிந்துரை தட்டுக்கருவியே. துணுக்குகளைச் சிறியனவாக வெட்டி வையுங்கள். முழுப்பாடலை ஒரே துணுக்காக ஏற்றாதீர்கள். ஒன்று தவறினால் அடுத்த பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம். வாங்குமுன் கடையிலேயே ஒரு சோதனை செய்துபாருங்கள்: அடாப்டரைப் பிடுங்கி, மறுபடி செருகி, முதல் அடி எத்தனையாவது நொடியில் ஒலிக்கிறது என்று எண்ணுங்கள். விளம்பரத் தாளில் அந்த எண் இராது.

குழுவையே தேவையற்றதாக்கிய மூன்றாம் வழியும் உண்டு. பாடகர் குரலைத் தவிர எல்லாம் அடங்கிய ‘ட்ராக்’ பென்டிரைவில் வந்துவிடுகிறது. திருமண வீட்டாருக்குச் செலவு குறைவு. அங்கே ஆக்டோபேட் வாசிப்பவருக்கும் வேலையில்லை. டோலக்கின் இடத்தை எடுத்துக்கொண்டவரின் இடத்தைப் பென்டிரைவ் எடுத்துக்கொண்டிருப்பது நம் கண்முன் நடக்கிறது. அவர்களுள் பலர் இப்போது ஐம்பதைக் கடந்தவர்கள். எந்தப் பாடலுக்கு எந்த எண்ணுள்ள ஒலியை எந்தத் தட்டில் வைப்பது என்று அவர்கள் கைப்பட எழுதிவைத்த குறிப்பேடுகள் இந்திய மேடையிசையின் முதன்மை ஆவணங்கள். கருவியோடு சேர்த்து அவற்றையும் பழைய பொருள் கடையில் போட்டுவிடுகிறார்கள்.

இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆர்க்கெஸ்ட்ராக்களில் பேட் வாசித்த உறவினரோ அண்டைவீட்டாரோ உங்களுக்கு இருந்தால், அத்தகைய குறிப்பேட்டின் பக்கங்களை அவர்களது இசைவோடு ஒளிப்படம் எடுத்து எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தக் கருவி என்ற மூன்று விவரங்களும் உடன் இருந்தால் பேருதவியாக இருக்கும்.